வீட்டு ஏல் பக்குவமாகிவிட்டதா? கண்டறிய 18 குறிப்புகள்

பிரிட்டனில் சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பியர் தயாரிக்கவும் ஒரு காலத்தில் உரிமம் வேண்டியிருந்தது. 1880இல் வந்த அந்த விதியை 1963இல் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் நீக்கினார். இன்று மால்ட் சாறும் ஹாப்பும் ஈஸ்ட்டும் அடங்கிய கிட்டை அங்கே கடையில் வாங்கி, 40 பைண்ட், அதாவது சுமார் 23 லிட்டர் ஏல் என்னும் பியர் வகையைச் சமையலறையிலேயே தயாரித்துவிடலாம். விற்கத்தான் கூடாது.

கலந்து வைப்பது ஒரு மாலைப்பொழுது வேலை. எப்போது பாட்டிலில் அடைப்பது, எப்போது திறந்து குடிப்பது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ஏலுக்கு இரண்டு முடிவுகள் உண்டு. ஈஸ்ட் தன்னால் முடிந்த சர்க்கரையையெல்லாம் தின்று தீர்ப்பது முதல் முடிவு. அது நொதித்தல். பச்சை வாடை போய், வாயு கரைந்து, சுவை கூடி வருவது இரண்டாவது. அது பக்குவம். முதலாவதைக் கருவி சொல்லும். இரண்டாவதை நாக்கு சொல்லும். நாள்காட்டி இரண்டையும் சொல்லாது.

ஒரு முக்கிய எச்சரிக்கை: இவை பிரிட்டனைப் போல, வீட்டுத் தயாரிப்புக்குச் சட்டம் இடம் தரும் நாடுகளில் வசிக்கும் வயதுவந்தோருக்கானவை. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் மது தயாரிப்பது குற்றம்.

நொதித்தல் முடிந்ததா?

1. கிட் தாளில் உள்ள நாள் கணக்கை நம்பி மூடி போடாதீர்கள்.
நான்கு நாள், ஆறு நாள், ஒரு வாரம் என்று தாளில் அச்சிட்டிருப்பார்கள். அது நல்ல ஈஸ்ட்டும் சரியான வெப்பமும் கிடைத்தால் நடப்பது. பெரும்பாலான ஏல் ஈஸ்ட்டுகளுக்கு 18 முதல் 22 டிகிரி செல்சியஸ் வரை ஏற்றது. பிரிட்டன் வீடுகளில் குளிர்கால இரவில் அறை 15 டிகிரிக்கும் கீழே இறங்கிவிடும். மார்கழிக் குளிரில் இட்லி மாவு பொங்காமல் படுத்துவதைப் போல ஈஸ்ட்டும் அப்போது சோர்ந்துவிடும். நொதிக்கும் வாளியின் வெளிப்புறத்தில் ஒட்டுத் தெர்மாமீட்டர் ஒன்றை ஒட்டி, தினமும் வெப்பத்தைக் குறித்து வையுங்கள்.

2. ஏர்லாக் குமிழி நின்றதை முடிவாகக் கொள்ளாதீர்கள்.
மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் வாயு, அது வெளியேற மூடியில் பொருத்திய ஏர்லாக்கை விட்டு, ஓரத்தின் வழியே வெளியேறிவிடும். உள்ளே ஈஸ்ட் மும்முரமாக வேலை செய்துகொண்டிருக்க, ஏர்லாக் அசையாமல் இருக்கும். நொதித்தல் முடிந்த பிறகும் குமிழி வரலாம். அறை சூடாகும்போதும் காற்றழுத்தம் குறையும்போதும் ஏலில் கரைந்திருந்த கரியமில வாயு வெளியே வரும். ஆகவே குமிழி ஓய்ந்தால் சோதிக்க நேரம் வந்தது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

3. நுரை எழுந்து அடங்கியதா என்று பாருங்கள்.
ஈஸ்ட் போட்ட ஓரிரு நாளில் மேலே பழுப்பு நிற நுரை தடித்து எழும். அதன்பின் சில நாளில் தானாக இறங்கி, வாளியின் சுவரில் வளையமாகக் கறை விட்டுப் போகும். நுரை மேலே இருக்கும்வரை நொதித்தல் முடியவில்லை என்று பொதுவாகச் சொல்லலாம். ஆனால் சில ஆங்கில ஈஸ்ட்டுகள் வேலை முடிந்த பிறகும் மேலேயே மிதக்கும். யார்க்ஷையரில் கல் தொட்டிகளில் நொதிக்க வைக்கும் மரபு ஈஸ்ட்டுகள் அந்த வகை. அவற்றை அவ்வப்போது கலக்கி உள்ளே இறக்கிவிட வேண்டும். டாட்காஸ்டரில் உள்ள சாமுவேல் ஸ்மித் ஆலையில் அந்தக் கல் தொட்டிகள் இன்றும் புழக்கத்தில் உள்ளன. உங்கள் ஈஸ்ட் எந்த வகை என்று உறையில் படித்துக்கொள்ளுங்கள்.

4. ஹைட்ரோமீட்டர் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.
சர்க்கரை கரைந்த நீர் தண்ணீரைவிட அடர்த்தியானது. சர்க்கரை குறைந்து ஆல்கஹால் கூடும்போது அடர்த்தி இறங்கும். இந்தக் கண்ணாடிக் குழாய் அதைத்தான் அளக்கிறது. பியர் ஆலைகளில் இதைப் பயன்படுத்தும் முறையை ஜான் ரிச்சர்ட்சன் 1784இல் நூலாகவே எழுதினார். ஈஸ்ட் போடும் முன்பே முதல் எண்ணை எடுத்துவிடுங்கள். ஒரு சாதாரண பிட்டர் ஏலுக்கு 1.042 என்று வைத்துக்கொள்வோம். இந்தத் தொடக்க எண் இல்லாமல் போனால், பின்னால் வரும் எந்த எண்ணையும் ஒப்பிட வழியில்லை.

5. கருவியைத் தண்ணீரில் சோதித்துப் பாருங்கள்.
20 டிகிரிக்கு அளவிட்ட ஹைட்ரோமீட்டர் அதே வெப்பமுள்ள சுத்தமான தண்ணீரில் 1.000 காட்ட வேண்டும். 1.002 காட்டினால் ஒவ்வொரு முறையும் 0.002 கழித்துக்கொள்ளுங்கள். உங்கள் கருவி 15.5 டிகிரிக்கா 20 டிகிரிக்கா என்பது உள்ளே இருக்கும் தாளில் இருக்கும். 20 டிகிரிக் கருவியில் 25 டிகிரி ஏலை அளந்தால் சுமார் 0.001 கூட்ட வேண்டும்.

6. மாதிரியைக் குழாய் வழியே எடுங்கள். வாயுவை நீக்கிவிட்டு அளங்கள்.
மூடியைத் திறக்கும்போதெல்லாம் காற்று உள்ளே போகும். காற்று பட்ட ஏலில் நாளடைவில் நனைந்த அட்டைப்பெட்டியின் வாடை வரும். கிருமிநாசினி தெளித்த குழாயிலிருந்து 100 மில்லி பிடித்தால் போதும். அதை இரண்டு டம்ளருக்கிடையில் நாலைந்து முறை ஆற்றுங்கள். ஆற்றாவிட்டால் குமிழிகள் ஹைட்ரோமீட்டரில் ஒட்டி அதைத் தூக்கிப் பிடிக்கும். எண் கூடுதலாகக் காட்டும். கருவியை மெதுவாகச் சுழற்றிவிட்டு, கண்ணைத் திரவ மட்டத்துக்குக் கொண்டுவந்து, வளைவின் அடிப்பகுதியில் படியுங்கள். அளந்த மாதிரியை வாளியில் திரும்ப ஊற்றவே கூடாது. குடித்துப் பாருங்கள், சுவை எந்த நிலையில் இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

7. ஒரே எண் இரண்டு முறை வர வேண்டும்.
இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். நுரை அடங்கிய பிறகு ஒரு முறை அளங்கள். இரண்டு மூன்று நாள் கழித்து மறுபடி அளங்கள். இரண்டும் 1.010 என்றால் நொதித்தல் நின்றிருக்கிறது. முதலில் 1.012, பிறகு 1.010 என்றால் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது. மேலும் இரண்டு மூன்று நாள் விடுங்கள். பெல்ஜியத்தின் சேசான் வகை ஈஸ்ட்டுகள் சிலவற்றுக்கு, மற்ற ஈஸ்ட்டுகள் தொடாத சர்க்கரையையும் உடைக்கும் திறன் உண்டு. அவை வாரக்கணக்கில் மெதுவாக வேலை செய்யும். அவற்றுக்கு இரண்டு அளவுகளுக்கிடையே ஒரு வாரமாவது இடைவெளி விடுங்கள்.

8. நின்ற எண் சரியான எண்தானா என்று கணக்கிடுங்கள்.
எண் மாறாமல் இருப்பது மட்டும் போதாது. ஈஸ்ட் பாதியில் தூங்கிவிட்டாலும் எண் மாறாது. 1.042இல் தொடங்கி 1.010இல் நின்றால், 0.001ஐ ஒரு புள்ளியாகக் கொண்டு 42 புள்ளியில் 32 இறங்கியிருக்கிறது. அதாவது 76 சதவீதம். ஏல் ஈஸ்ட்டுகளில் பெரும்பாலானவை 70 முதல் 80 சதவீதத்துக்குள் நிற்கும். உறையில் கொடுத்த சதவீதத்தோடு ஒப்பிடுங்கள். மால்ட்டை நீங்களே ஊறவைத்துச் சாறெடுத்திருந்தால் அந்த வெப்பமும் கணக்கில் வரும். 68, 69 டிகிரியில் ஊறியிருந்தால் ஈஸ்ட் தின்ன முடியாத சர்க்கரை கூடும். எண் சற்று உயரத்திலேயே நிற்கும். மில்க் ஸ்டவுட்டில் சேர்க்கும் லாக்டோஸையும் ஏல் ஈஸ்ட் தொடாது.

9. முடிவு எண்ணை முன்கூட்டியே அறிய ஒரு சிறு சோதனை.
ஈஸ்ட் போடும் நாளிலேயே ஒரு டம்ளர் சாற்றைத் தனியே ஒரு சுத்தமான ஜாடியில் எடுத்து, அதில் ஈஸ்ட்டைத் தாராளமாகப் போடுங்கள். வாயை அலுமினியத் தாளால் தளர்வாக மூடி, 25 டிகிரி அளவுள்ள வெதுவெதுப்பான இடத்தில் வைத்து, அவ்வப்போது குலுக்குங்கள். இரண்டு மூன்று நாளில் அது நொதித்து முடிந்துவிடும். அதில் வரும் எண்தான் பெரிய வாளியும் போய்ச் சேர வேண்டிய எண். ஆலைகளிலும் கையாளும் சோதனை இது. ஊகத்துக்கு இடமே இல்லாமல் செய்துவிடும்.

10. பாதியில் நின்றுவிட்டால் முதலில் சூடு, பிறகு கலக்கல்.
1.020இல் எண் அசையாமல் நிற்கிறதா? வாளியை 20, 21 டிகிரி அறைக்கு மாற்றுங்கள், அல்லது சூட்டுப் பட்டையைச் சுற்றுங்கள். சுத்தம் செய்த நீளக் கரண்டியால் அடியில் படிந்த ஈஸ்ட்டைக் காற்று புகாமல் மெல்லக் கிளறிவிடுங்கள். நாலைந்து நாளில் அசைவு இல்லையென்றால், புது ஈஸ்ட்டைத் தனியே கொஞ்சம் மால்ட் சாற்றில் பொங்கவிட்டு, அது துடிப்பாக இருக்கும்போதே சேருங்கள். பதற்றத்தில் சர்க்கரையை அள்ளிப் போடுவது தீர்வல்ல.

11. ரிஃப்ராக்டோமீட்டர் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.
இரண்டு சொட்டு போதும் என்பதால் பலருக்கும் இந்தக் கருவி பிடிக்கும். தொடக்க எண்ணுக்கு அது சரி. ஆல்கஹால் கலந்த பிறகு ஒளி விலகும் அளவு மாறிவிடுவதால் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். அதற்கான திருத்தக் கணக்கைப் போடுங்கள். பாட்டிலில் அடைக்கும் முடிவை ஹைட்ரோமீட்டரிடமே விடுங்கள்.

பாட்டிலில் அடைக்கும் முன்

12. வெண்ணெய் வாடை இருக்கிறதா என்று சூடாக்கிப் பாருங்கள்.
நொதிக்கும்போது டைஅசிடைல் என்ற பொருள் உண்டாகும். வெண்ணெய் மிட்டாயின் மணம் அதற்கு. ஈஸ்ட்டே பிறகு அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். ஆனால் அதற்குச் சூடும் அவகாசமும் வேண்டும். அதன் முன்பொருளுக்கு மணமே கிடையாது. அதனால் இன்று நன்றாக மணக்கும் ஏல், மூன்று வாரம் கழித்துப் பாட்டிலில் வெண்ணெய் வாடை வீசும். முன்கூட்டியே கண்டுபிடிக்க, இரண்டு டம்ளரில் கொஞ்சம் ஏலை எடுத்து மூடுங்கள். ஒன்றை 65 முதல் 70 டிகிரி வெந்நீரில் அரை மணி நேரம் வைத்து ஆறவிட்டு, இரண்டையும் முகர்ந்து பாருங்கள். இரண்டிலும் வாடை இல்லையென்றால் அடைக்கலாம். சூடாக்கியதில் மட்டும் வந்தாலும், இரண்டிலும் வந்தாலும், 20, 21 டிகிரியில் ஈஸ்ட்டோடு இன்னும் மூன்று நாள் விட்டுவிட்டு மறுபடி சோதியுங்கள்.

13. தெளிவை வைத்து முடிவு செய்யாதீர்கள்.
சில ஆங்கில ஈஸ்ட்டுகள் சீக்கிரம் கட்டிபட்டு அடியில் படிந்துவிடும். எண் இறங்கி முடியும் முன்பே ஏல் தெளிந்துவிடும். கோதுமை சேர்த்த பியர் பக்குவமான பிறகும் கலங்கலாகவே இருக்கும். குளிர்ந்தால் மங்கி, சூடானால் தெளிவது புரதமும் பாலிஃபீனாலும் சேர்ந்து உண்டாக்கும் மூட்டம். சுவைக்கு அதனால் கெடுதல் இல்லை. தெளிவு வேண்டுமென்றால் சில நாள் குளிரான இடத்தில் வையுங்கள். தெளியவைக்கச் சேர்க்கும் ஐசின்கிளாஸ் மீனின் காற்றுப்பையிலிருந்து எடுப்பது. சைவம் மட்டும் உண்பவர்கள், கொதிக்கும்போதே சேர்க்கும் ஐரிஷ் மாஸ் என்ற கடற்பாசியைப் பயன்படுத்தலாம்.

14. நான்கு புள்ளி அவசரம் பாட்டிலை வெடிக்க வைக்கும்.
அடர்த்தி 0.001 இறங்குவதற்குள் ஏல் தன் கன அளவில் ஏறக்குறைய பாதியளவு கரியமில வாயுவை உண்டாக்குகிறது. 1.010இல் நிற்க வேண்டிய ஏலை 1.014இல் அடைத்தால், மீதி நான்கு புள்ளியும் மூடிய பாட்டிலுக்குள் நொதித்து இரண்டு மடங்கு வாயுவைச் சேர்க்கும். அதோடு ஏலில் ஏற்கெனவே கரைந்த வாயுவும், அடைக்கும்போது சேர்க்கும் பாட்டில் சர்க்கரை தரும் வாயுவும் சேர்ந்தால் மொத்தம் ஏறக்குறைய நான்கு மடங்கைத் தொடும். பிரிட்டிஷ் ஏலுக்கு ஒன்றரை முதல் இரண்டு மடங்கே போதும். சாதாரண பியர் பாட்டிலில் மூன்றைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது வீட்டில் தயாரிப்பவர்களின் வழக்கம். வெடிக்கும் கண்ணாடி கண்ணைப் பறித்துவிடும். 7ஆம் குறிப்பை மறுபடி படிக்கச் சொல்வது இதனால்தான்.

15. பாட்டில் சர்க்கரையை எடைபோட்டுச் சேருங்கள்.
20 டிகிரியில் நொதித்த ஏலில் சுமார் 0.85 மடங்கு வாயு ஏற்கெனவே கரைந்திருக்கும். லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை இன்னொரு மடங்கைச் சேர்க்கும். ஆக, 23 லிட்டருக்கு 90 முதல் 100 கிராம் போதும். சர்க்கரையைத் தண்ணீரில் கொதிக்க வைத்து ஆற்றி, வேறொரு சுத்தமான வாளியில் ஊற்றி, அதன்மேல் ஏலைச் சலசலப்பின்றி இறக்குங்கள். பாட்டில் ஒவ்வொன்றிலும் கரண்டியால் போட்டால் ஒன்று பொங்கும், இன்னொன்று சப்பென்றிருக்கும்.

பக்குவம் வந்ததா?

16. ஒரு பிளாஸ்டிக் பாட்டிலைச் சாட்சியாக வையுங்கள்.
சோடா வந்த 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றைச் சுத்தம் செய்து அதிலும் ஏலை நிரப்புங்கள். மேலே இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடம் விட்டு, காற்றைப் பிதுக்கி மூடுங்கள். முதல் நாள் அழுத்தினால் அமுங்கும். வாயு ஏற ஏறக் கல்லாக இறுகும். 18 முதல் 22 டிகிரியில் பெரும்பாலும் இரண்டு வாரத்தில் இறுகிவிடும். அது இறுகினால் கண்ணாடி பாட்டில்களிலும் வாயு ஏறிவிட்டது என்று பொருள். இரண்டு வாரமாகியும் தளர்ந்தே இருந்தால் எல்லாவற்றையும் வெதுவெதுப்பான இடத்துக்கு மாற்றுங்கள். பாட்டிலைத் தலைகீழாகத் திருப்பி அடி ஈஸ்ட்டை எழுப்பிவிடுங்கள். கண்ணாடி பாட்டில்களை மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள், குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைப்பது நல்லது.

17. வாயு ஏறியதோடு பக்குவம் வந்துவிடாது. சுவைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.
இரண்டு வாரம் வெப்பம், அதன்பின் 12 டிகிரி போன்ற குளிரான இடம் என்பது நல்ல வரிசை. வாரம் ஒரு பாட்டிலைத் திறங்கள். பச்சை ஆப்பிள் மணமும் ஈஸ்ட்டின் காரமும் இருந்தால் இன்னும் இளசு. மால்ட்டும் ஹாப்பும் தனித்தனியே முட்டி நிற்காமல் ஒன்றோடொன்று இணங்கி, நுரை மெல்லிய குமிழிகளாக நின்றால் பக்குவம் வந்துவிட்டது. 4 சதவீத பிட்டருக்கு அடைத்ததிலிருந்து மூன்று நான்கு வாரம், போர்ட்டருக்கு ஒன்றரை மாதம், கனமான பார்லி ஒயினுக்கு ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகலாம். டார்செஸ்டரில் எல்ட்ரிட்ஜ் போப் ஆலை 1968இல் கொண்டுவந்த தாமஸ் ஹார்டீஸ் ஏல், பல ஆண்டு வைத்திருந்து குடிப்பதற்கென்றே தயாரிக்கப்பட்டது. ஹாப் மணமே உயிரான ஏலை மட்டும் அப்படிச் சேமிக்காதீர்கள். மாதங்கள் போகப்போக மணம் மங்கிவிடும்.

பப்களில் மரபான ஏல், பரிமாறும் பீப்பாய்க்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்கும். அந்த முறையைக் காக்கவே 1971இல் காம்ரா இயக்கம் தொடங்கியது. நிலவறைப் பணியாளர் பீப்பாயின் மேல்துளையில் மென்மரக் குச்சியைச் செருகி, அதில் வரும் நுரையைத் துடைப்பார். நுரை மறுபடி வர நேரமெடுத்தால் நொதித்தல் தணிந்தது என்று கண்டு, வன்மரக் குச்சியால் அடைப்பார். ஏலைக் கவனித்துப் பார்த்தே முடிவெடுக்கும் இந்தப் பழக்கத்தைத்தான் நாமும் கற்றுக்கொள்ள வேண்டும்.

18. பொங்கினால் நிறுத்துங்கள், எல்லாவற்றையும் எழுதி வையுங்கள்.
திறந்ததும் பாதி ஏல் பீறிட்டு வெளியேறினாலோ, புளித்தாலோ, கழுத்தில் வெண்படலம் தெரிந்தாலோ, நொதித்தல் முடியாமல் அடைத்திருக்கலாம். அல்லது வேறு கிருமி புகுந்திருக்கலாம். மற்ற பாட்டில்களைத் தடித்த கையுறையும் கண் கவசமும் அணிந்து நன்றாகக் குளிர்வித்து, ஒவ்வொன்றாக மூடியைத் தளர்த்துங்கள்.

நன்றாக வந்தால், தொடக்க எண், முடிவு எண், அடைத்த தேதி மூன்றையும் சீட்டில் எழுதி ஒட்டுங்கள். இரண்டு எண்களின் வித்தியாசத்தை 131.25ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சதவீதம் வரும். 1.042இலிருந்து 1.010 என்றால் 4.2, பாட்டில் சர்க்கரை இன்னும் சுமார் 0.2 சேர்க்கும். ஆக 4.4 சதவீத ஏலில் 500 மில்லி பாட்டில் 2.2 யூனிட். வாரத்துக்கு 14 யூனிட்டைத் தாண்டாதீர்கள் என்று பிரிட்டனின் மருத்துவ அறிவுரை சொல்கிறது. வீட்டில் தயாரித்தது என்பதால் இந்தக் கணக்கு மாறாது.

அடுத்த முறை அதே கிட்டை வாங்கும்போது இந்தச் சீட்டுகள் உதவும். எந்த எண்ணில் நிற்கும், எத்தனையாவது வாரத்தில் சுவை கூடும் என்று ஓரளவு தெரிந்திருக்கும். ஆனாலும் ஈஸ்ட்டின் துடிப்பும் அறையின் வெப்பமும் ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருப்பதில்லை. அனுபவம் எவ்வளவு கூடினாலும், இரண்டு எண்களும் ஒத்துப்போன பிறகே மூடியைக் கையில் எடுங்கள்.